நாடுகளின் மருத்துவச் செலவுச் சதவீதங்களை எந்த அளவுக்கு நம்பி ஒப்பிடலாம்?

சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: இந்தியா நாட்டு வருமானத்தில் (அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) மருத்துவத்துக்குச் செலவிடுவது 1.35 சதவீதம் என்று ஒரு நூலும், 2.1 சதவீதம் என்று ஒரு நாளிதழும், 3.27 சதவீதம் என்று வேறொரு குறிப்பும் சொல்கின்றன. அமெரிக்காவுக்கு 17 சதவீதம் என்கிறார்கள். இவற்றில் எது உண்மை? நாம் இலங்கையைவிடவும் குறைவாகச் செலவிடுகிறோமா? கேள்வியில் எண்கள்தான் இருக்கின்றன. ஆனால் அவருக்குத் தெரியவேண்டியது, இந்தச் சதவீதங்களை அருகருகே வைத்து, இந்த அரசுக்குத் தன் மக்களின் உடல்நலத்தில் அக்கறை உண்டு, அந்த அரசுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா என்பதே என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் மருத்துவர் அல்லன். சேலம் மாவட்டத்தில் சுகாதாரத் துறையின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றினேன். பிறகு சுகாதாரப் பொருளாதாரம் படித்து, இப்போது பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கிறேன். பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். அந்தப் பணம் நோயாளியின் கட்டிலருகே என்னவாக மாறுகிறது என்பதை மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் படித்த மூன்று எண்களும் சரியானவையே. அவை வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. 3.27 என்பது 2019-20ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கு தரும் மொத்தச் செலவு. அரசு செலவிட்டது, குடும்பங்கள் தம் கையிலிருந்து கொடுத்தது, தனியார் காப்பீடு, நிறுவனங்கள் தம் தொழிலாளர்களுக்காகச் செலவிட்டது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். அதே கணக்கில் அரசின் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் வருவது 1.35. அமெரிக்காவின் 17 சதவீதம் மொத்தச் செலவைக் குறிப்பதால் அதை 3.27உடன் ஒப்பிடலாம், 1.35உடன் ஒப்பிடக் கூடாது. இந்த ஒரு தவறே மேடைகளிலும் தேர்வு விடைத்தாள்களிலும் மிகுதியாகக் காணப்படுகிறது.

2.1 என்ற எண்ணின் கதை சற்று நீளமானது. 2022-23ஆம் ஆண்டின் மத்தியப் பொருளாதார ஆய்வறிக்கை, மத்திய, மாநில அரசுகளின் சுகாதாரச் செலவு நாட்டு வருமானத்தில் 2.1 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று குறிப்பிட்டது. அதில் ‘சுகாதாரம்’ என்ற தலைப்பின்கீழ் மருத்துவம், குடும்ப நலம் ஆகியவற்றோடு குடிநீர் வழங்கலும் துப்புரவும் சேர்க்கப்பட்டிருந்தன. கருவூலத்தில் பட்டியல் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அரசுக் கணக்குத் தலைப்புகளின் எண்கள் இவை: 2210 மருத்துவமும் பொதுச் சுகாதாரமும், 2211 குடும்ப நலம், 2215 குடிநீரும் துப்புரவும். மூன்றையும் கூட்டியதால் எண் பெருத்தது. ஜல் ஜீவன் திட்டத்துக்கு மட்டும் மத்திய அரசு அந்த ஆண்டு ஒதுக்கியது 60,000 கோடி ரூபாய். மேட்டூரிலிருந்து சேலத்துக்கு வரும் காவிரிக் குடிநீர் எத்தனையோ வயிற்றுப்போக்கு நோயாளிகளை மருத்துவமனைக்கு வராமலே தடுத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே குடிநீரையும் உடல்நலச் செலவாகக் கருத வேண்டும் என்று வாதிடுபவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் பன்னாட்டுக் கணக்கு முறை குழாய்வழிக் குடிநீர் வழங்கலை மருத்துவச் செலவாகச் சேர்ப்பதில்லை. தாய்லாந்தின் எண்ணில் குடிநீர் இல்லாதபோது நம் எண்ணில் மட்டும் அதைச் சேர்த்து அருகே வைப்பது, அவர்கள் மாம்பழத்தை மட்டும் நிறுக்க நாம் கூடையோடு நிறுப்பது போன்றது. தவிரவும், 2.1 என்பது வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, 1.35 என்பது செலவழித்து முடித்த பிறகு எழுதிய கணக்கு. மதிப்பீட்டில் ஒதுக்கியது முழுவதும் மார்ச் 31க்குள் செலவாகிவிடும் என்று கணக்குப் பிரிவில் இருந்த எவரும் நம்பமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஒதுக்கீட்டை மட்டும் எடுத்து வகுத்து, ‘இந்தியா செலவிடுவது 0.3 சதவீதம்கூட இல்லை’ என்று எழுதுவார்கள். 2024-25இல் அந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 90,000 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் 0.28 வரத்தான் செய்யும். ஆனால் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. 2019-20 கணக்கின்படி அரசுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. தமிழ்நாட்டில் அது மானியக் கோரிக்கை எண் 19இல் வருகிறது. ரயில்வே, பாதுகாப்புத் துறை, தொழிலாளர் துறையின்கீழ் உள்ள ஈஎஸ்ஐ, உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவையும் மருத்துவத்துக்குச் செலவிடுகின்றன. அவற்றையெல்லாம் தேடிச் சேர்ப்பதற்காகவே தேசிய சுகாதாரக் கணக்கு என்ற தனி வேலை நடக்கிறது.

இனி நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதற்கு வருவோம். இங்கே மிகவும் சிக்கலானது, எது ‘பொது’, எது ‘தனியார்’ என்ற கோடு. பெரும்பாலான நாடுகள் இன்று பின்பற்றுவது, பெரும்பாலும் செல்வ நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பும் ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2011இல் வகுத்த கணக்கு முறையை. மருத்துவமனை யாருடையது என்பதை வைத்து அது பொதுச் செலவைத் தீர்மானிப்பதில்லை. பணம் எந்த ஏற்பாட்டின்வழி வருகிறது, அந்த ஏற்பாட்டில் சேருவது சட்டப்படி கட்டாயமா என்று பார்க்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு ஒருவர் சேலத்திலுள்ள தனியார் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டால், கட்டடமும் மருத்துவரும் தனியார் என்றாலும் அது பொதுச் செலவே. அதேபோல, நூற்பாலைத் தொழிலாளியின் சம்பளத்தில் ஈஎஸ்ஐக்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அரசு கஜானாவின் பணம் அல்லாத இதுவும் கட்டாயம் என்பதால் பொதுக் கணக்கில் சேர்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ வீட்டுப் பட்டறையில் வெள்ளிக் கொலுசு செய்பவருக்கு ஈஎஸ்ஐ கிடையாது. அவர் தெருமுனை மருத்துவரிடம் கொடுக்கும் பணம் கைச்செலவு. இரண்டு பேரும் தம் உழைப்பிலிருந்தே கொடுக்கிறார்கள். கணக்கில் வேறுவேறு பக்கத்தில் நிற்கிறார்கள். ஜெர்மனி 1883 முதல் நடத்திவரும் நோய்க்காப்பீட்டு நிதியங்களும் இந்த வகையே. அங்கே பொதுச் செலவின் பெரும்பகுதி வரிப்பணம் அன்று, தொழிலாளரும் முதலாளியும் கட்டும் சந்தா.

கோடு எங்கே விழுகிறது என்பதால் எண் எவ்வளவு நகரும் என்பதற்கு அமெரிக்காவே போதும். ஒவ்வொருவரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று 2010இல் இயற்றப்பட்ட சட்டம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. உடனே பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு, அங்குள்ள தனியார் காப்பீட்டைக் ‘கட்டாயம்’ என்ற பக்கத்துக்கு மாற்றிவிட்டது. அதுவரை மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதியாக இருந்த ‘அரசு மற்றும் கட்டாய’ப் பங்கு, அந்த அமைப்பின் அட்டவணையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலாகத் தாவியது. அரசின் பையிலிருந்து புதிதாகப் பணம் போனதால் மட்டும் நேர்ந்ததன்று அந்தத் தாவல். பெரும்பகுதி பெயர்ப்பலகை மாற்றமே. காப்பீடு இல்லாதவர்களுக்கான தண்டத்தொகை 2019 முதல் சுழியமாக்கப்பட்ட பிறகும் வகைப்பாடு அப்படியே தொடர்கிறது. அமெரிக்க அரசு தாராளமாகச் செலவிடுகிறது என்று காட்ட விரும்புபவரும், எல்லாம் தனியார்மயம் என்று காட்ட விரும்புபவரும் ஆளுக்கொரு அதிகாரபூர்வ அட்டவணையை எடுத்து நீட்டலாம்.

நம் பக்கத்திலும் இந்த எல்லைச் சிக்கல் உண்டு. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழமை கொண்டவை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தோட்டங்களில் தொழிலாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி செய்து தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஏற்காட்டுத் தோட்டமொன்றில் முதலாளி ஒரு கம்பவுண்டரை வைத்து மருந்து கொடுத்தால், அது சட்டப்படி கட்டாயம், ஆனால் பணம் தனியாருடையது. அதை எந்தப் பக்கம் எழுதுவது? நாட்டுக் கணக்கில் இது மிகச் சிறிய தொகைதான். ஆனால் தோட்டப் பொருளாதாரம் பெரிதாக இருக்கும் இலங்கையில் மலையகத் தோட்ட மருத்துவமனைகள் சிலவற்றை அரசு ஏற்றுக்கொண்டபோது, அதே ஊரில் அதே மக்களுக்குச் செய்த செலவு ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு நகர்ந்தது. ஏற்காட்டில் தோட்ட மருந்தகம் மூடப்பட்டுத் தொழிலாளி அரசு மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினாலும் அரசுச் செலவு கூடும். தொழிலாளிக்குக் கிடைக்கும் மருத்துவம் கூடியதா, குறைந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

எதைச் செலவு என்று எண்ணுவது என்பதிலும் வேறுபாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் வெளியிடுவது நடப்புச் செலவு. புதுக் கட்டடமும் பெரும் கருவிகளும் அதில் சேரா. நம் தேசியக் கணக்கின் மொத்தச் செலவில் மூலதனச் செலவும் சேரும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மத்திய, மாநில அரசுகள் பணம் பங்கிட்டு எழுப்பிய உயர் சிறப்பு மருத்துவப் பிரிவுக் கட்டடம் ஒரு கணக்கில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மருத்துவக் கல்வி இதைவிடத் தொல்லை. பன்னாட்டு முறைப்படி மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கும் செலவு நடப்பு மருத்துவச் செலவாகாது. ஆனால் ஒரே பேராசிரியர் காலையில் வார்டில் நோயாளிகளைப் பார்க்கிறார், பிற்பகலில் வகுப்பெடுக்கிறார். சம்பளப் பட்டியல் ஒன்றுதான். எத்தனை பங்கை மருத்துவத்துக்கும் எத்தனை பங்கைக் கல்விக்கும் எழுதுவது என்பது ஏதோ ஓர் அனுமானத்தில்தான் முடியும். நாட்டுக்கு நாடு அனுமானம் மாறும். முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பும் அப்படியே. 2011 முறைக்கு மாறி அந்தப் பராமரிப்பையும் சேர்த்துக்கொண்டபோது பிரிட்டனின் சதவீதம், நோயாளிகளுக்கு எதுவும் மாறாமலே, ஒரு புள்ளிக்கு மேல் உயர்ந்தது. நம் வீடுகளில் மகளோ மருமகளோ படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்வதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

பின்னத்தில் மேலே உள்ள எண்ணை, அதாவது மருத்துவச் செலவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், கீழே வகுக்கும் எண்ணை, அதாவது நாட்டு உற்பத்தியைக் கவனிப்பதே இல்லை. அயர்லாந்தைப் பாருங்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தம் காப்புரிமைகளையும் இலாபத்தையும் அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்ததால், 2015இல் அந்நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு ‘வளர்ந்தது’. எந்த நோயாளியின் மருந்தும் குறையவில்லை. சதவீதம் மட்டும் சரிந்தது. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே நொந்துபோய், திருத்திய தேசிய வருமானம் என்று ஒரு தனி அளவை உருவாக்கியது. அதைக்கொண்டு வகுத்தால் அயர்லாந்தின் மருத்துவச் செலவுச் சதவீதம் இரு மடங்கை நெருங்குகிறது. நைஜீரியா 2014 ஏப்ரலில் தன் உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியபோது பொருளாதாரம் காகிதத்தில் 89 சதவீதம் பெருத்தது; அதன் மருத்துவச் செலவுச் சதவீதமும் அன்றே ஏறத்தாழ பாதியானது. நார்வேயில் எரிவாயு விலை ஏறினால் சதவீதம் இறங்கும். 2020-21இல் நம் நாட்டு உற்பத்தி சுருங்கியபோது, செலவே கூடாதிருந்தாலும் சதவீதம் கூடியிருக்கும். துவாலு போன்ற குட்டித் தீவு நாடுகள் பட்டியலின் உச்சியில் நிற்பதற்குக் காரணம், சின்னஞ்சிறு பொருளாதாரமும் வெளிநாட்டு உதவியும்.

அப்படியானால் ஒப்பீடே வீணா? இல்லை. இவ்வளவு கோளாறுகளையும் கூட்டிப் பார்த்தாலும் அவற்றுக்கு ஓர் அளவு உண்டு என்பதுதான் என் துணிபு. இந்தியா போன்ற நாட்டுக்கு வரையறைகளை எப்படி மாற்றி வைத்தாலும் அரசின் மருத்துவச் செலவு அரைப் புள்ளி முதல் முக்கால் புள்ளிவரைதான் அசையும். 1.1க்கும் 2.1க்கும் இடையே எங்கேயோ நிற்கும். செல்வ நாடுகளுக்கு நீண்டகாலப் பராமரிப்பு காரணமாக ஒன்றிரண்டு புள்ளிகள் அசையலாம். எனவே இலங்கை 2க்குச் சற்றுக் கீழே, இந்தியா 1.35 என்பதை வைத்துக்கொண்டு யார் முந்தி என்று சண்டையிடுவது பயனற்றது. தர வரிசையில் 130ஆம் இடமா 140ஆம் இடமா என்று வருந்துவதும் அப்படியே. ஆனால் தாய்லாந்து ஏறத்தாழ 3, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் நாடுகள் சராசரியாக 6க்கும் 7க்கும் இடையே என்ற இடைவெளியை எந்த வரையறை மாற்றமும் மூடாது. இந்திய அரசுகள் மருத்துவத்துக்குக் குறைவாகச் செலவிடுகின்றன என்பது கணக்குமுறையின் விளைவன்று, நடப்பு. 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையே, 2025க்குள் 2.5 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்ததன் மூலம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஏன் குறைவு என்று கேட்டால், சதவீதத்தை இரண்டாக உடைத்துப் பாருங்கள்: நாட்டு வருமானத்தில் அரசு மொத்தமாகச் செலவிடும் பங்கு, அந்த அரசுச் செலவில் மருத்துவத்தின் பங்கு. 2019-20இல் மத்திய, மாநில அரசுகளின் மொத்தச் செலவு நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 27 சதவீதம். அதில் மருத்துவத்துக்குப் போனது ஏறத்தாழ 5 சதவீதம். பெருக்கினால் அந்த 1.35 வருகிறது. பிரான்சில் அரசுச் செலவே நாட்டு வருமானத்தில் பாதிக்கு மேல். ஆகவே நாம் பிரான்சை எட்டாததற்கு ஒரு பாதிக் காரணம் வரி வருவாய். அதைச் சுகாதார அமைச்சர் எவரும் தனியாகத் தீர்க்க முடியாது. ஆனால் 5 சதவீதம் என்பது எந்தத் துறைக்கு முன்னுரிமை என்ற தெரிவு. என்னைக் கேட்டால், ஓர் அரசின் அக்கறையை அளக்க விரும்புபவர் நாட்டு வருமானச் சதவீதத்தைவிட இந்த இரண்டாவது பங்கைத்தான் பார்க்க வேண்டும். அயர்லாந்துச் சிக்கலும் அதில் இல்லை.

செலவு கூடினால் நலம் கூடும் என்ற எண்ணத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அமெரிக்கா உலகிலேயே மிகுதியாகச் செலவிட்டும், அதில் பாதிகூடச் செலவிடாத ஜப்பானைவிட அங்கே ஆயுட்காலம் குறைவு. இலங்கை ஏறத்தாழ நம் அளவுச் சதவீதத்திலேயே நம்மைவிடக் குறைந்த குழந்தை இறப்பையும் கூடிய ஆயுளையும் பல பத்தாண்டுகளாகக் காத்துவருகிறது. தமிழ்நாட்டிலும் உதாரணம் உண்டு. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்துகளை நிறுவனப் பெயரில்லாமல், மூலப்பொருளின் பெயரில், மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. விலை பெருமளவு குறைகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டு அரசு மருத்துவமனைக்குப் போகும் சர்க்கரை நோய் மாத்திரையும் அதே விலைக்கு வாங்கியதுதான். இப்படிச் சிக்கனமாக வாங்கும் மாநிலம், அதே மாத்திரையை மும்மடங்கு விலைக்கு வாங்கும் மாநிலத்தைவிடச் சதவீதத்தில் தாழ்ந்து தெரியும். வயதுக் கணக்கையும் மறக்கக் கூடாது: மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் மூவர் 65 வயதைக் கடந்த ஜப்பானின் தேவை வேறு, நம் தேவை வேறு.

இதுவரை சொன்னதில் அரசுச் செலவு பற்றிய எண்கள் கருவூலக் கணக்கிலிருந்து வருவதால் ஓரளவு உறுதியானவை. குடும்பங்களின் கைச்செலவு அப்படியன்று. 2013-14இல் மொத்தச் செலவில் 64.2 சதவீதமாக இருந்த கைச்செலவு 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கிறது என்பதை நம்பலாம். இலவச மருந்து, காப்பீடு ஆகியவற்றால் அது நடக்கக் கூடியதே. எவ்வளவு என்பதில் ஐயம் உண்டு. கைச்செலவுக்குக் கருவூலப் பட்டியல் கிடையாது. வீடுவீடாகப் போய்க் கேட்கும் தேசிய மாதிரி ஆய்விலிருந்து அது மதிப்பிடப்படுகிறது. 2017-18இல் நடந்த 75ஆம் சுற்று ஆய்வுக்குப் பிந்தைய ஆண்டுகளின் எண்கள், அந்த ஆய்வை வைத்து முன்னோக்கி நீட்டி எழுதப்பட்டவை. இடையில் கொரோனாவே வந்துபோனது. ஆக்சிஜன் படுக்கைக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களின் செலவு 2017-18இன் நீட்சிக்குள் எப்படி அடங்கும்?

தேர்வில் எழுதுவதற்கு என்றால், அரசுச் செலவு என்று கேட்டால் தேசிய சுகாதாரக் கணக்கின் எண்ணை ஆண்டோடு சேர்த்து எழுதுங்கள்: 2019-20இல் 1.35, 2021-22இல் 1.84. இரண்டாவது எண்ணில் தடுப்பூசி, தற்காலிகப் படுக்கைகள் முதலிய தொற்றுக்காலச் செலவு அடங்கியிருப்பதால், அதை நிலையான உயர்வு என்று எழுதாதீர்கள். வேறு நாட்டோடு ஒப்பிடும்படி கேட்டால் இரு நாடுகளின் எண்ணையும் உலக சுகாதார நிறுவனத்தின் ஒரே தரவுத்தளத்திலிருந்து, ஒரே ஆண்டுக்கு, ‘உள்நாட்டு அரசுச் செலவு’ என்ற ஒரே வரிசையிலிருந்து எடுங்கள். அங்கே மூலதனச் செலவு இல்லாததால் இந்தியாவின் எண் நம் தேசியக் கணக்கோடு சரியாகப் பொருந்தாது. அது பிழை என்று எண்ணித் திருத்த முயல வேண்டாம்.